குடும்பக் குழுவில் வரும் புற்றுநோய்ச் செய்திகளில் எதை நம்புவது?

ஒற்றைத்திண்ணை எழுதியது:

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று உறுதியாகிவிட்டது. முதலில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு தேவைப்பட்டால் கீமோ என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். செய்தி வெளியே தெரிந்ததுதான் தாமதம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காணொளிகள் வந்து குவிகின்றன. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடுமாம். ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் உடம்பெங்கும் பரவுமாம். கீமோவால் பிழைப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தானாம். முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானதாம்.

அனுப்புகிறவர்கள் யாரும் வம்புக்கு அனுப்பவில்லை. பெரியப்பா, சித்தி, அத்தையோடு வேலை பார்த்தவர்கள். ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற தவிப்பு. அத்தை பகலில் எதையும் காட்டிக்கொள்வதில்லை. இரவில் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பது காலையில் என்னிடம் கேட்கும் கேள்விகளிலிருந்து தெரிகிறது.

மொத்தமும் பொய் என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நோபல் பரிசு, ஆய்விதழ் என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. மருத்துவம் படிக்காத ஒருவர் இவற்றை எப்படிச் சலித்தெடுப்பது?


எண்கணக்கன் எழுதியது:

உங்கள் குடும்பக் குழு மட்டும் விதிவிலக்கு அல்ல. 2018, 2019 ஆண்டுகளில் ஃபேஸ்புக், ட்விட்டர், ரெடிட், பின்டரெஸ்ட் தளங்களில் மிக அதிகம் பேரை எட்டிய 200 புற்றுநோய்க் கட்டுரைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்தார்கள். மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் 50. அந்தந்த நோயின் நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 32.5 சதவீதக் கட்டுரைகளில் தவறான தகவல் இருந்தது. 30.5 சதவீதத்தில், நம்பி நடந்தால் தீங்கு நேரக்கூடிய தகவல் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. தவறான கட்டுரைகளுக்குத்தான் விருப்பக்குறிகளும் பகிர்வுகளும் கூடுதலாக விழுந்திருந்தன.

யூடியூப் இன்னும் மோசம். புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய 150 காணொளிகளை ஆராய்ந்தபோது 77 சதவீதத்தில், காணொளியிலோ கீழே உள்ள பின்னூட்டங்களிலோ, தவறான அல்லது ஒருபக்கமாகச் சாய்ந்த கருத்து இருந்தது. அறிவியல் தரம் குறைந்த காணொளிகளுக்கே பார்வைகள் அதிகம்.

எனவே 'இத்தனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எச்சரிக்கையாகக்கூட இருக்கலாம்.


வேர்த்தண்டு எழுதியது:

தவறான தகவல் என்று முத்திரை குத்தியது யார்? அதே மருத்துவர்கள். அவர்கள் எழுதிய தேர்வை அவர்களே திருத்துகிறார்கள்.

நான் மருத்துவத்துக்கு எதிரானவன் அல்ல. ஆனால் கீமோ மருந்துகளில் பல செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? பாக்ளிடாக்சல் ஒரு மரப்பட்டை. வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணி. மூலிகையைக் கேலி செய்துவிட்டு அதையே புட்டியில் அடைத்து விற்கிறார்கள். கீமோவால் இரண்டு சதவீதம்தான் பலன் என்ற கணக்கும் வாட்ஸ்அப்பில் பிறந்தது அல்ல. மருத்துவ ஆய்விதழில் வந்தது, புற்றுநோய் மருத்துவர்களே எழுதியது. தேடிப் பாருங்கள்.


சோதனைக்குழாய் எழுதியது:

வேர்த்தண்டு சொல்வதில் செடி பற்றிய பகுதி முற்றிலும் உண்மை. ஆய்வகத்தில் வேலை செய்கிற நான் அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, பெருமையாகவே சொல்வேன். ஆனால் அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

பாக்ளிடாக்சல் கிடைத்த பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதற்குள் இருக்கும் வேதிப்பொருளின் அமைப்பு வெளியானது 1971இல். சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். முப்பது ஆண்டுகள். அந்தக் காலமெல்லாம் எங்கே போயிற்று? எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவு கொடுத்தால் நோயாளியின் நரம்பு கெடும், தண்ணீரில் கரையாத இந்தப் பொருளை இரத்தத்துக்குள் எப்படிச் செலுத்துவது என்று கண்டுபிடிப்பதில் போயிற்று. யூ மரத்தின் இலையையும் விதையையும் அப்படியே தின்றால் இதயம் நின்றுபோகும். மரமும் மருந்தும் ஒன்று என்று சொல்கிறவர் இந்த முப்பது ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கிறார்.

இனி அந்தப் பத்தாயிரம் மடங்கு. முள் சீத்தாவில் அசிட்டோஜெனின்கள் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள்மீது பிரித்தெடுத்த ஒரு பொருளை ஊற்றி, அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டதிலிருந்து வந்த எண் அது. தட்டில் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. தரை துடைக்கும் பிளீச்சும் கொல்லும், வெறும் உப்பைக் கூடுதலாகப் போட்டாலும் செல் சாகும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட்டு இதை மட்டும் கொல்வது, வயிறும் கல்லீரலும் சிதைத்தது போக மீதி கட்டிவரை போய்ச் சேர்வது, இவை தட்டில் தெரியாது. அந்த ஒப்பீட்டுக்கும் பழத்தைச் சாப்பிடுவதற்கும் நடுவே உள்ள படிகள் எல்லாவற்றையும் ஒரு வரி தாண்டிவிட்டது. மனிதர்களிடம் முறையாகச் சோதித்து அது புற்றுநோயைக் குணப்படுத்தியதாகக் காட்டிய ஆய்வு கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தக் குடும்பத்துப் பழங்களையும் இலைச்சாற்றையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் வழக்கத்துக்கு மாறாகக் காணப்படுவதாக 1999இல் ஆய்வு வந்தது. தொடர்பு காட்டிய ஆய்வுதான், அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எப்போதாவது பழம் சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டியதில்லை. மருந்து என்று எண்ணி மாதக்கணக்கில் சாறு பிழிந்து குடிப்பது வேறு விஷயம்.


எண்கணக்கன் எழுதியது:

இரண்டு சதவீதக் கணக்குக்கு வருகிறேன். வேர்த்தண்டு தேடச் சொன்னது நல்லதே, ஏனென்றால் இந்த ஒரு எண்ணைப் பிரித்துப் பார்த்தால் பாதி காணொளிகளின் சூத்திரம் பிடிபட்டுவிடும்.

2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மூவர் எழுதிய கட்டுரை. பெரியவர்களுக்கு வரும் 22 வகைப் புற்றுநோய்களில், ஐந்தாண்டு உயிர்வாழ்வுக்குக் கீமோ மட்டும் எவ்வளவு பங்களித்தது என்று கணக்கிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2.3, அமெரிக்காவில் 2.1 சதவீதம் என்று விடை வந்தது. எண் பொய்யல்ல.

வகுத்தல் கணக்கில் கீழே எதைப் போட்டார்கள் என்று பாருங்கள். அந்த வகைப் புற்றுநோய் வந்த எல்லோரையும் போட்டார்கள். அறுவை சிகிச்சையிலேயே குணமாகி கீமோ தேவைப்படாதவர்களும் அதில் உண்டு. கீமோ வழக்கமாகவே கொடுக்கப்படாத நோய்களும் உண்டு. கீமோ மிக நன்றாக வேலை செய்யும் லுகேமியா வகை இரத்தப் புற்றுநோய்களோ கணக்கில் சேரவே இல்லை. குழந்தைகள் இல்லை. வலியும் மூச்சுத்திணறலும் குறைந்து நாள்கள் நீண்டவர்களும், ஐந்தாண்டைத் தொடவில்லையென்றால், பூஜ்யம்தான். இத்தனைக்கும் பிறகு, அதே கட்டுரையில் விரைப் புற்றுநோய்க்கும் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தனியாகக் கொடுத்திருக்கும் எண்கள் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கின்றன. அந்த வரியை எந்தக் காணொளியும் காட்டாது.

'கீமோ எடுத்துக்கொண்ட நூறு பேரில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள்' என்று அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை. அப்படி ஆக்கியது பகிர்ந்தவர்களின் கைங்கரியம்.

உங்கள் அத்தைக்குப் பொருந்தும் எண் வேண்டுமா? தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் சுமார் ஒரு லட்சம் பெண்கள் பங்கேற்ற 123 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2012இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். புதிய வகைக் கீமோ முறைகள் அந்த நோயால் ஏற்படும் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன. கவனியுங்கள், இதுவும் ஒப்பீட்டு எண்தான். நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய லாபம். ஏற்கெனவே ஆபத்து குறைவாக உள்ளவருக்குச் சொற்பம். அத்தை எந்தப் பக்கம் என்பதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். அந்த விடையைப் பேஸ்புக்கும் தராது, நானும் தர முடியாது.


வேர்த்தண்டு எழுதியது:

சரி, அந்தக் கட்டுரையைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் சரிபார்க்கிறேன். ஆனால் ஆபத்து குறைவான பெண்களுக்கும் கீமோ கொடுத்துக் காசு பார்த்தார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.


சோதனைக்குழாய் எழுதியது:

கொடுத்தார்கள். தேவைக்கு அதிகமாகவே பல ஆண்டுகள் கொடுத்தார்கள். யாருக்குத் தேவையில்லை என்று பிரித்தறியும் வழி இல்லாததே அதற்கு முக்கியக் காரணம். பிறகு அதைக் கண்டுபிடித்ததும் அதே மருத்துவ உலகம்தான். 'டெய்லர்எக்ஸ்' என்ற சோதனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 (கட்டியை வேகமாக வளர்க்கும் புரதம்) மிகுதியாக இல்லாத, நிணநீர்க்கணுவுக்குப் பரவாத கட்டிகளில் 21 மரபணுக்களை அளந்து மதிப்பெண் போட்டார்கள். இடைப்பட்ட மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையே போதும், கீமோ சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் முடிவு வந்தது. ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட சிலருக்கு மட்டும் விதிவிலக்கு.

கீமோ வேண்டாம் என்று சொல்கிற இந்த முடிவு உங்கள் குடும்பக் குழுவில் வந்ததா? என் குழுக்களில் வரவில்லை. சலிப்பூட்டுகிற செய்தி அல்லவா. வில்லன் இல்லை, அற்புதம் இல்லை, மதிப்பெண் அட்டவணைதான் இருக்கிறது.

ஒற்றைத்திண்ணை, அத்தையின் அறிக்கையில் இஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 என்று மூன்று வரிகள் இருக்கும். அவை தெரியாமல் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி யார் பேசினாலும் காற்றில் பேசுகிறார் என்று பொருள்.


பழையஇதழ் எழுதியது:

பெரிய பெயர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்தித்தாளில் சரிபார்ப்பு வேலை பார்த்தவள் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன்.

'ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் புற்றுநோய் அறிவிப்பு' என்ற மடல் வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் சுற்றியது. எல்லோர் உடம்பிலும் புற்றுச் செல் இருக்கிறது, சர்க்கரைதான் அதன் தீனி, பிளாஸ்டிக் பாத்திரம் ஆகாது என்று போகும். அந்த மருத்துவமனை இது எங்களுடையது அல்ல என்று பகிரங்கமாக மறுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் பதிலும் எழுதி வெளியிட்டது. மடலுக்கு அது தெரியாது. சட்டை மாற்றிக்கொண்டு புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது.

நோபல் பரிசு என்றால் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானியர். புற்றுநோய்க்குக் காரணம் அமிலத்தன்மை என்று கண்டுபிடித்ததற்காக 1931இல் பரிசு கொடுத்தார்கள் என்று காணொளி சொல்லும். பரிசு கொடுத்தது செல்கள் மூச்சுவிடப் பயன்படும் நொதியின் இயல்பையும் செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்காக. புற்றுச் செல்கள் பிராணவாயு இருக்கும்போதும் குளுக்கோஸை நொதிக்கவைத்தே ஆற்றல் எடுக்கின்றன என்று அவர் கவனித்ததும் உண்மை. பெட் ஸ்கேன் எடுப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான்: கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸைக் கட்டி அதிகம் இழுக்கும், படத்தில் ஒளிரும். ஆனால் இரத்தத்தின் பிஎச் அளவை, அதாவது அமில, காரத்தன்மையின் அளவை, உடம்பு 7.35க்கும் 7.45க்கும் நடுவே பிடித்துவைத்திருக்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் அதற்காகவே ஓயாமல் உழைக்கின்றன. எதைச் சாப்பிட்டு அதைக் காரமாக்குவது? சிறுநீரின் நிறமும் காரமும் மாறும், அவ்வளவே.

சர்க்கரையும் அப்படியே. நீங்கள் நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து மூளைக்கு அனுப்பியாக வேண்டும். கட்டி அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது கட்டி அல்ல, நோயாளி.

என் அனுபவத்தில், போலிச் செய்தியில் பெரிய பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. ஆண்டு இருந்தால் கட்டுரையின் தலைப்பு இருக்காது. சரிபார்க்க முடியாதபடி ஒரு கால் எப்போதும் ஒடிந்திருக்கும்.


மூன்றாம்சுழற்சி எழுதியது:

எல்லோரும் ஆய்வு ஆய்வு என்று பேசுகிறீர்கள். நான் நோயாளி. எனக்கும் எல்லாம் வந்தது.

என்னை அதிகம் காயப்படுத்தியவை மருந்துச் செய்திகள் அல்ல. 'மனதில் கசப்பை அடக்கிவைப்பவர்களுக்குத்தான் புற்றுநோய் வரும்' என்ற பதிவு. தூரத்து உறவினர் ஒருவர் அனுப்பினார், கீழே கைகூப்பும் பொம்மை. நான் யார்மீது கசப்பு வைத்திருந்தேன் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். பிறகு கீமோவுக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். 'என் வீட்டுக்காரருக்குத்தான் உலகத்தின் மேல் எல்லாம் கசப்பு, அவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாரே' என்றார்.

ஆனால் சமூக ஊடகத்தை மொத்தமாகக் குறை சொல்லவும் மாட்டேன். எனக்கு வந்த வகைக்கென்று நோயாளிகள் நடத்தும் மூடிய குழு ஒன்று இருக்கிறது. வாய்ப்புண் வராமல் இருக்க, குறிப்பிட்ட கீமோ மருந்து ஏறும்போதே பனிக்கட்டியை வாயில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். செவிலியரிடம் கேட்டேன், என் மருந்துக்கு அது பொருந்தும், தாராளமாகச் செய்யுங்கள் என்றார். மருத்துவர் மறைத்துவிட்டார் என்பதல்ல, அவருக்கு என்னோடு இருக்கும் சில நிமிடங்களில் பனிக்கட்டி வரைக்கும் பேச்சு வரவில்லை.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. யார் எதைப் பரிந்துரைத்தாலும் 'உங்கள் மருத்துவரிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார்' என்று அடுத்த பதிவிலேயே யாராவது கேட்பார்கள். பதில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.


எண்கணக்கன் எழுதியது:

மூன்றாம்சுழற்சி சொன்ன மாதிரியான குழுக்களை நானும் ஆதரிக்கிறேன். நுரையீரல் புற்றுநோயில் ராஸ்1 என்ற மரபணு மாற்றம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இருக்கும். ஒரு மருத்துவர் இவர்களில் சிலரை மட்டுமே பார்த்திருப்பார். அந்த நோயாளிகள் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, தங்கள் கட்டித் திசுக்களையே ஆய்வுக்குக் கொடுக்கும் அளவுக்கு அமைப்பாகியிருக்கிறார்கள். அரிய நோய் வந்தவருக்கு அது பெரிய பலம்.


நெறியாளர்:

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. 'நான்காம் நிலையையும் குணப்படுத்தும்' என்ற பொடிக்குத் தொலைபேசி எண்ணோடு விளம்பரம். எழுதியவர் கணக்கும் முடக்கப்பட்டது. இத்தகைய இழை தொடங்கினாலே இவர்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார்கள். உங்களுக்குத் தனிமடல் வந்தாலும் தெரிவியுங்கள்.


வேர்த்தண்டு எழுதியது:

பொடி விற்பவர்களை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் மனிதரை என்ன செய்வீர்கள்? அமெரிக்காவில் ஜோ டிப்பன்ஸ் என்பவர், நுரையீரல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிய நிலையில், நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அவரே எழுதியிருக்கிறார். காசு வாங்கவில்லை. கண்ணால் கண்ட சாட்சி.


சோதனைக்குழாய் எழுதியது:

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் குணமானதும் உண்மை. ஃபென்பென்டசோல் என்ற அந்தக் குடற்புழு மாத்திரையைச் சாப்பிட்டதும் உண்மை. அதே காலத்தில் அவர், உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் ஒரு மருந்தின் மருத்துவச் சோதனையில் சேர்ந்திருந்தார் என்பதும் உண்மை. அந்த வகை மருந்து, பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, வியக்கத்தக்கபடி நீண்டகாலம் வேலை செய்யும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. இரண்டில் எது வேலை செய்தது என்று ஒருவரின் கதையை வைத்துச் சொல்ல முடியாது. பகிரப்படும் காணொளியில் முதல் மருந்து மட்டும் இருக்கும்.

அந்தக் கதை 2019இல் தென்கொரியாவுக்குப் போனது. மருந்துக்கடைகளில் நாய் மாத்திரை தீர்ந்துபோகும் அளவுக்கு மக்கள் வாங்கினார்கள். அந்நாட்டு அதிகாரிகள் வேண்டாம் என்று எச்சரித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்திருந்த நகைச்சுவைக் கலைஞர் கிம் சோல்மின் தானும் சாப்பிடுவதாக வெளிப்படையாக அறிவித்தார், பலர் அவரைப் பின்பற்றினார்கள். நோய் கட்டுப்படவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார். 2021இல் இறந்தார்.

கண்ணால் கண்ட சாட்சி என்கிறீர்கள். மாத்திரை சாப்பிட்டும் இறந்தவர்கள் காணொளி போடுவதில்லையே.


பழையஇதழ் எழுதியது:

சில நேரம் சாட்சியே போலி. ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற பெண், மூளைப் புற்றுநோயை உணவாலும் இயற்கை வாழ்வாலும் வென்றதாக இன்ஸ்டாகிராமில் புகழ்பெற்றார். கைபேசிச் செயலி, சமையல் புத்தகம் எல்லாம் வந்தன. 2015இல் தனக்குப் புற்றுநோயே இருந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. புத்தகம் வெளியிட்டவர்கள்கூட ஒரு மருத்துவ அறிக்கை கேட்டுப் பார்க்கவில்லை.


ஒற்றைத்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. ஒன்று, பயாப்ஸி: ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவுமா? அத்தைக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், அதனால்தான் இரவில் தூங்காமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். இன்னொன்று, வெள்ளைக் கோட்டுப் போட்ட உண்மையான மருத்துவர்களே ரீல்ஸ் போடுகிறார்கள். அவர்களை நம்பலாமா?


இரவுப்பணி எழுதியது:

புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். பயாப்ஸி பற்றி முதலில். ஊசி போன பாதையில் செல்கள் சிந்துவது சில வகைக் கட்டிகளில் அரிதாக நடக்கக்கூடியதே. அதனால்தான் விரைக் கட்டியை விதைப்பை வழியாக ஊசி குத்திப் பார்ப்பதில்லை, வேறு வழியாக விரையையே எடுத்துச் சோதிப்பார்கள். எங்கே கூடாது என்பது மருத்துவருக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. கணையப் புற்றுநோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டபோது, ஊசிப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிடக் குறைவாக வாழவில்லை, சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தார்கள். அத்தையிடம் சொல்லுங்கள், சோதனைக்குழாய் சொன்ன அந்த மூன்று வரிகள் அந்த ஊசியிலிருந்துதான் வரும். அது இல்லாமல் சிகிச்சை குத்துமதிப்பாகிவிடும்.

வெள்ளைக் கோட்டு பற்றி: இன்ஸ்டாகிராம், டிக்டாக்கில் ஐந்து வகை மருத்துவப் பரிசோதனைகளைப் பற்றி வந்த 982 பதிவுகளை 2025இல் ஆராய்ந்தார்கள். முழு உடல் எம்ஆர்ஐ, ஒரே இரத்தத்தில் பல புற்றுநோய்களைக் கண்டுபிடிக்கும் சோதனை ஆகியவையும் அதில் அடக்கம். 87 சதவீதப் பதிவுகள் நன்மையைச் சொல்லின. தீமையைச் சொன்னவை 15 சதவீதம். போட்டவர்களில் 68 சதவீதத்தினருக்கு அதில் பண லாபம் இருந்தது. மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவர் முடிவில் எதை வாங்கச் சொல்கிறார் என்றும் பாருங்கள். பக்கவிளைவு, விதிவிலக்கு, 'இது எல்லோருக்கும் பொருந்தாது' என்ற சொற்கள் வருகின்றனவா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். இங்கே எல்லோரும் பொய்யைப் பொய் என்று நிரூபிப்பதில் இருக்கிறீர்கள். வார்டில் நாங்கள் பயப்படுவது நோயாளி சொல்லாமல் மறைப்பதற்கு. பொடியோ மாத்திரையோ சாப்பிடுகிறார்கள், கேட்டால் இல்லை என்கிறார்கள். திட்டுவோம் என்ற பயம். சில மருத்துவர்கள் திட்டவும் செய்கிறார்கள், அது அவர்கள் தவறு.

மனச்சோர்வுக்கு இயற்கை மருந்து என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தின் வேலை செய்யும் பகுதியை இரத்தத்தில் 42 சதவீதம் குறைத்துவிடுகிறது. கீமோவின் எல்லாத் துன்பத்தையும் பட்டுவிட்டுப் ஏறக்குறையப் பாதி மருந்தை இழப்பது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். வைட்டமின் என்றால் கெடுதல் இல்லை என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடத்திய சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்தது. 1994இல் வெளியான முடிவு. தடுக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த மாத்திரை அது.

அறுவை சிகிச்சை, கீமோ போன்ற வழக்கமான சிகிச்சைகளை மறுத்து மாற்று மருத்துவம் மட்டும் செய்துகொண்டவர்களைப் பற்றியும் கணக்கு இருக்கிறது. இன்னும் பரவாத, குணமாக்கக்கூடிய நிலையில் இருந்த அப்படிப்பட்ட 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒப்பிட்டார்கள். இறக்கும் ஆபத்து மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். இந்த எண்ணை அத்தையிடம் நீட்ட வேண்டாம். பெரியப்பாவிடம் சொல்லலாம்.


வேர்த்தண்டு எழுதியது:

நோயாளி மறைப்பதற்குக் காரணம் மருத்துவரின் முகம் என்று நீங்களே ஒப்புக்கொண்டது பிடித்திருக்கிறது. நான் கேட்க நினைத்தது அதுதான். அந்த ஆபத்து எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் காதுகொடுத்துக் கேட்கும் காணொளிக்காரரிடம்தான் மனிதன் போவான்.


இரவுப்பணி எழுதியது:

அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.


எண்கணக்கன் எழுதியது:

ஒரு இடைச்செருகல். 'உலக சுகாதார நிறுவனம் இதைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது' என்று அடிக்கடி வரும். அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் தரம் பிரிக்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் ஒரே முதல் பிரிவில் இருப்பது இதனால்தான். தினமும் 50 கிராம் அந்த இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடும். நூறு பேரில் ஐந்து பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால் அது ஆறு பேராகும். புகையிலையின் கணக்கு இதோடு சேர்த்துப் பேசக்கூடியதே அல்ல.


ஒற்றைத்திண்ணை எழுதியது:

அத்தையிடம் பேசினேன். பயாப்ஸி பயம்தான், நான் நினைத்தது சரி. விரைக் கட்டி பற்றிய பகுதியைச் சொன்னபோது ஆச்சரியமாகக் கேட்டார். 'அப்படியானால் யோசித்துத்தான் செய்கிறார்கள்' என்றார்.

செயற்கை அறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று தம்பி கேட்கிறான்.


சோதனைக்குழாய் எழுதியது:

அறிக்கையில் உள்ள சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ள உதவும். சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டாம். 2023இல் பாஸ்டன் மருத்துவர்கள் சாட்ஜிபிடியிடம் மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய்களுக்குச் சிகிச்சை கேட்டுச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குப் பதில்களில் வழிகாட்டு நெறிக்கு ஒவ்வாத ஏதாவது ஒன்று இருந்தது. சரியான சிகிச்சைகளோடு கலந்தே இருந்ததால் நிபுணருக்கே கண்டுபிடிப்பது சிரமம். செயலிகள் அதன்பின் மாறியிருக்கின்றன. தம்பியின் கேள்வி மாறவில்லை: அது சொன்னதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா?


மூன்றாம்சுழற்சி எழுதியது:

குடும்பக் குழுவுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். வாதாடவில்லை. கணவர் ஒரு செய்தி போட்டார்: 'மருத்துவத் தகவல்களை இனி எனக்கு மட்டும் அனுப்புங்கள், நான் மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.' பாதிப்பேர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிப்பேர் அவருக்கு அனுப்பினார்கள், அவர் உண்மையிலேயே ஒன்றிரண்டைக் கேட்டார். அனுப்பியவர்களுக்கு உதவிய திருப்தி, எனக்குத் தூக்கம். பெரியப்பாவுக்கு வேறு வேலை கொடுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, காப்பீட்டுத் தாள்களைப் பார்ப்பது, இப்படி.


ஒற்றைத்திண்ணை எழுதியது:

இதை இன்றே செய்கிறேன். கடைசியாக ஒன்று. இரவுப்பணி அவர்களுக்கு. சித்தி கொடுத்த ஏதோ மூலிகை மாத்திரையும் வைட்டமின் ஈ மாத்திரையும் அத்தையின் அலமாரியில் இருப்பதைப் பார்த்தேன். சாப்பிடுகிறாரா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.


இரவுப்பணி எழுதியது:

'ஏன் சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்காதீர்கள். 'மருத்துவர் பட்டியல் கேட்பார், நாமே எழுதிக்கொண்டு போவோம்' என்று சொல்லி அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். இரத்த அழுத்த மாத்திரை, வலி மாத்திரை எல்லாவற்றோடும் இவற்றையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். தனித்துக் குற்றம் போலத் தெரியாது. புட்டிகளையே பையில் போட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது, ஏனென்றால் மூலிகை மாத்திரையின் பெயரைவிட அட்டையில் உள்ள உட்பொருள்கள்தான் எங்களுக்குத் தேவை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்வரை காத்திருக்க வேண்டாம். அதிக அளவு வைட்டமின் ஈ, ஜிங்க்கோ, பூண்டு மாத்திரை போன்றவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்வார். நாளைக்கே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். எழுதிய தாளை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வார்டு மாறும்போது ஒவ்வொருவரும் புதிதாகக் கேட்போம்.